பன்னிரண்டு வீட்டுக்குக் கொடுத்த கம்பு

எங்கள் பக்கத்தில் மரச்சீனிக் கம்பை யாரும் விலைக்குக் கொடுப்பதில்லை. மற்ற ஊர்க்காரர்கள் மரவள்ளி என்று சொல்வதைத்தான் நாங்கள் மரச்சீனி என்கிறோம். கிழங்கைப் பிடுங்கிய பிறகு மிஞ்சுகிற தண்டுதான் கம்பு. அதைச் சாண் சாணாக வெட்டி நட்டால் அடுத்த வருஷத்துக் கிழங்கு. எந்த வீட்டுக் கிழங்கு பஞ்சு மாதிரி வேகிறது என்று பேச்சு வருகிறதோ, அந்த வீட்டுக் கம்புக்கு நாலு பேர் வருவார்கள். வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டும், இல்லை என்று சொல்லக்கூடாது. எல்லைக் கல்லுக்காகக் கோர்ட்டுக்குப் போனவன் வந்து கேட்டால்கூட, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாவது கொடுத்துவிடுவார்கள். நான் பார்த்தவரை எங்கள் மாவட்டத்தில் எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற ஒரே சட்டம் இதுதான்.

நான் முப்பத்தோரு வருஷம் உயிரியல் டீச்சராக இருந்தவள். கடியப்பட்டணத்தில் பிறந்து, மார்த்தாண்டத்துக்கு மேற்கே ரப்பர் மரங்களுக்கு நடுவே வாழ்க்கைப்பட்டேன். வந்த புதிதில், கடற்கரைக்காரிக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று புகுந்த வீட்டில் வாய்க்குள் சிரித்தார்கள். ஐந்தே வருஷத்தில் அந்த வீட்டிலேயே பெரிய கிழங்கு என்னுடைய மூட்டில்தான் விளைந்தது. மூடு என்றால் ஒரு செடியும் அதன் அடிமண்ணும். இதையெல்லாம் அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்ததைத் தெரியும் என்று சொல்வதுதான் என் சுபாவம். தெரியாததையும் சில சமயம் அப்படியே சொல்லிவிடுவேன் என்பது பிற்பாடு புரிந்தது.

அப்படி நான் சொன்ன ஒரு வாக்கியத்தால் என் மைனி நாலு வருஷம் என்னோடு பேசவில்லை. மைனி என் அண்ணனின் மனைவி, கடியப்பட்டணத்தில்தான் இருக்கிறாள். அண்ணனுக்கு ஒரு மத்தியான நேரத்தில் நெஞ்சு வலித்திருக்கிறது. வாயு என்று நினைத்து மைனி சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாள். வலி கூடிய பிறகுதான் ஆட்டோ பிடித்தார்கள். நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, நான் சத்தமாகச் சொன்னேன்.

"ஒரு அரை மணிக்கூறு முந்திக் கொண்டு போயிருந்தா, ஆளு இருந்திருப்பான்."

மைனி எழுந்து அடுக்களைக்குள் போனாள். அதன் பிறகு நான் போன் செய்தால் எடுக்க மாட்டாள். ஊர்த் திருநாளுக்குப் போனால் அவள் வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். நானும், உள்ளதைத்தானே சொன்னேன் என்று வீம்பாக இருந்துவிட்டேன். உள்ளுக்குள் வலித்தது. ஆனால் வலிக்கிறது என்று ஒத்துக்கொள்வதற்கும் எனக்குப் பழக்கமில்லை.

அண்ணன் போன நாலாம் வருஷம் ஆவணி மாதம் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போனோம். விருந்தில் இலையில் விழுந்த மரச்சீனியை வாயில் வைத்தேன். கடிக்கவே தேவை இல்லை, அது தானாகக் கரைந்தது. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு நேராக வீட்டின் பின்பக்கம் போனேன். பலாமரத்து நிழலில் கம்புக்கட்டுகள் சாய்த்து வைத்திருந்தார்கள். கேட்டேன். கேரள எல்லை வளைவு தாண்டியும் அதே சட்டம்தான் போலிருக்கிறது, ஆறு கட்டு கொடுத்தார்கள்.

கம்புகளில் அங்கங்கே, கணுவோரமாக, வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. விசேஷத்துக்காக அந்த வீட்டில் சுவர் முழுக்க வெள்ளையடித்திருந்தார்கள், மதிலையும் விட்டுவைக்கவில்லை. அடித்தவன் கம்பின் மேலும் தெளித்திருக்கிறான் என்று நினைத்துப் புடவை முந்தானையால் ஒன்றிரண்டைத் துடைத்தேன். முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளிடம், உற்றுப் பார், தொட்டுப் பார், பிறகு முடிவுக்கு வா என்று கத்தியவள் நான். அன்றைக்குத் தொட்டேன், உற்றுப் பார்க்கவில்லை.

காரின் தலையில் ஆறு கட்டையும் கயிறு போட்டுக் கட்டிக் களியக்காவிளை வழியாகக் கொண்டுவந்தோம். வண்டி ஓட்டிய என் வீட்டுக்காரர், "கல்யாண வீட்டுக்குப் போனமா, வெறகு பெறக்கப் போனமா?" என்று கேட்டார். அவர் அதிகம் பேச மாட்டார், பேசினால் இப்படித்தான்.

கார் வீட்டு வாசலில் நின்றபோதே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. நெய்யாற்றின்கரைக் கம்பு, வாயில் வைத்தால் கரையுமாம் என்று நானே எல்லோரிடமும் பெருமையடித்தேன். இரண்டு வாரத்தில் பதினொரு வீட்டுக்காரர்கள் வந்து வாங்கிப் போனார்கள். பன்னிரண்டாவதாக, ஒரு சனிக்கிழமை காலையில், கேட்டைத் திறந்துகொண்டு மைனி வந்தாள்.

நான் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் நரைத்திருந்தாள். வீட்டுக்குள் ஏறவில்லை, செருப்பையும் கழற்றவில்லை.

"கம்பு உண்டா?" என்று கேட்டாள்.

வேறு எதையும் அவளால் என்னிடம் கேட்டிருக்க முடியாது. என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் கேட்பதற்குக்கூட அவளுக்கு மனம் வந்திருக்காது. ஆனால் கம்பு கேட்கலாம். அதைப் பகையாளி வீட்டிலும் கேட்கலாம். நாலு வருஷத்துக்குப் பிறகு திரும்பி வருவதற்கு அவள் இந்த ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தாள். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. துணியைக் கொடியில் போடுகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அண்ணன் போன பிறகு மைனி படகுகள் வந்து சேரும் இடத்தில் காலைச் சாப்பாட்டுக் கடை போட்டிருந்தாள். அவித்த மரச்சீனியும் சாளை மீன் குழம்பும். கடலிலிருந்து வருகிறவர்கள் நேராக அங்கேதான் உட்காருவார்களாம். கிழங்கை வெளியே வாங்காமல் தானே விளைவித்தால் என்ன என்று, கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்திருந்தாள். இதெல்லாம் அவள் முற்றத்தில் நின்றபடியே சொன்னாள். நான் இருந்ததில் தடித்த கம்பாகப் பார்த்து இரண்டு சின்னக் கட்டாகக் கட்டி வைத்தேன்.

"எனக்கு மண்ணு வேலை அறியாது. பொழைக்குமா?" என்று கேட்டாள்.

அப்போது பேசாமல் இருந்திருக்கலாம். என் வாய்தான் என்னைக் கேட்காதே.

"மைனி, மரச்சீனி குத்தி வச்சாப் போதும், தானே வளரும். அதையும் ஒருத்தி பாழாக்குனான்னா அவளுக்கக் கை கொள்ளாதுன்னுதான் அர்த்தம்."

கை கொள்ளாது என்றால் எங்கள் பக்கத்தில் உதவாத கை, ராசியில்லாத கை. தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன். மைனி லேசாகச் சிரித்தாள், கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். அந்த வாரத்திலிருந்து போன் வரத் தொடங்கியது. முளை வந்துவிட்டது, இரண்டு இலை விட்டிருக்கிறது, மழையில் ஒரு மூடு சாய்ந்துவிட்டது என்று ஒவ்வொரு நாளும் ஒரு செய்தி. நான் வழி சொல்வேன். அண்ணனைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. மரச்சீனியைப் பற்றியே நாலு மாதம் பேசினோம். அந்த நாலு மாதமும் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

தை பிறந்து மழை நின்று வெயில் ஏறியதும் என் தோட்டத்தில் கொழுந்துகள் சுருங்க ஆரம்பித்தன. இலை விரியவில்லை. ஒன்றோடொன்று ஒட்டி முட்டைக்கோஸ் மாதிரி குவிந்து நின்றது. தண்டு நீளாமல் கணு கணுவாகக் குறுகியது. முதலில் உரக் குறை என்றேன். பிறகு, மரச்சீனிக்கு வழக்கமாக வரும் தேமல் நோய் என்றேன். சாம்பல் தூவினேன், சாணிப்பால் ஊற்றினேன். மாசி முதல் வாரத்தில்தான் பீரோவிலிருந்து என் பழைய கை லென்ஸை எடுத்துக்கொண்டு போய் ஒரு கொழுந்தைப் பிரித்துப் பார்த்தேன்.

உள்ளே ரோஸ் நிறத்தில் பூச்சிகள் அடைந்து கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் மாவு தூவியதுபோல வெள்ளை. கணுவோரத்திலும் அதே வெள்ளை. நெய்யாற்றின்கரை வீட்டின் பின்பக்கம், பலாமரம், முந்தானை, எல்லாம் ஒரே நொடியில் ஞாபகம் வந்தது. அவர்கள் வீட்டுக்கு வெள்ளையடித்தவன் மிகவும் சுத்தமான வேலைக்காரன்தான். ஒரு சொட்டுகூட அவன் வெளியே சிந்தியிருக்க மாட்டான்.

பத்துப் பதினைந்து கொழுந்துகளைக் கிள்ளி, ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி வேளாண்மை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி என்னைவிட இருபது வயதாவது இளையவள், வெயிலில் அலைந்து கறுத்த முகம். கூடையைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"டீச்சர், இத இப்பிடித் தொறந்தா கொண்டு வந்தீங்க?"

"ஆமா."

"பஸ்ஸுலயா?"

நான் கூடையின் வாயை முந்தானையால் மூடினேன். அவள் ஒரு பாலித்தீன் பையை எடுத்துக் கூடையோடு உள்ளே போட்டு இறுக்கிக் கட்டினாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிடுகிற மாதிரிப் பொறுமையாகச் செய்தாள். அந்தப் பொறுமைதான் எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

இது மரச்சீனிக்கென்றே உள்ள மாவுப்பூச்சி என்றாள். வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தது, இங்கே அதைத் தின்கிற எதிரி இல்லாததால் தறிகெட்டுப் பெருகுகிறது. மழைக்காலத்தில் அடங்கிக் கிடக்கும், வெயில் வந்ததும் கிளம்பும். காற்றிலும் போகும், எறும்பும் சுமக்கும், ஆனால் ஊர் விட்டு ஊர் போவது கம்பில்தான். இதில் ஆண் கிடையாது, எல்லாமே பெண். ஒன்றே ஒன்று இருந்தால் போதும், அது தானே முட்டையிட்டுக் குடும்பத்தைப் பெருக்கிவிடும்.

"யாருக்காவது கம்பு குடுத்தீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

"பன்னிரண்டு வீட்டுக்கு," என்றேன்.

பேனாவை மேசையில் வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொன்னாள். சுருங்கிய கொழுந்தை எல்லாம் கிள்ளி, வரப்பில் வீசாமல் எரித்துவிட வேண்டும். தண்ணீரை விசையாகப் பீய்ச்சி அடித்தால் பாதிப் பூச்சி விழும். அடியோடு போன செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும். மருந்தை மட்டும் கண்டபடி அடிக்கக்கூடாது, ஏனென்றால் இந்தப் பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிற ஒரு சின்னக் குளவி இருக்கிறது, அதைக் கொண்டுவந்து விடப்போகிறோம், மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான் என்றாள். இந்த வருஷம் இந்தக் கம்பை யாரும் யாருக்கும் கொடுக்கக்கூடாது என்றும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆணே இல்லாமல் எல்லாம் பெண்ணாக இருக்கிற பூச்சி என்றதும் என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார்.

"அதான் இவ்வளவு வேகமாட்டு வேலை நடக்குது," என்றார்.

அன்று சாயங்காலமே என் தோட்டத்தில் வேலையைத் தொடங்கினோம். பிற்பாடு பார்த்த மற்ற தோட்டங்களைவிட என்னுடையதுதான் மோசமாக இருந்தது. தேறுகிற செடி என்று ஒன்றையும் சொல்ல முடியவில்லை. இரண்டு நாளில் முழுவதையும் பிடுங்கி எரித்தோம். கை விரல் தடிமனில் இருந்த பிஞ்சுக் கிழங்குகளைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை, அவர்தான் தூக்கித் தீயில் போட்டார்.

மூன்றாம் நாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கம்பு கொடுத்த வீடுகளுக்குப் புறப்பட்டேன். இந்த மாதிரி வேலையை எனக்கு நன்றாகவே செய்ய வரும். வாசலில் நின்று, லென்ஸைக் கையில் கொடுத்து, பாருங்கள் என்பேன். பார்த்தவர்கள் கையை உதறுவார்கள். அதன் பிறகு நான் சொல்வதைக் கேட்பார்கள். ஒரு வீட்டில் மட்டும் தகராறு. அவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், ஏற்கெனவே மூன்று முறை மருந்து அடித்து முடித்து நாலாவதற்குக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், எதிரி வந்தா அடிக்கணும். கொழுந்து நுள்ளிக்கிட்டு இருக்க முடியாது."

"நீங்க அடிச்ச அடியில எதிரி சாவல்ல. சிலந்தியும் பொறிவண்டும்தான் செத்துக் கெடக்கு, குனிஞ்சு பாருங்க. நாளைக்கு நம்ம பக்கத்து ஆளு வந்து எறங்கும்போ நம்ம ஆளையே சுடப்போறீங்களா?"

அவர் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். பட்டாளத்துக்காரரிடம் பட்டாளத்துப் பாஷையில் பேசினால்தான் ஏறும். மருந்து வாளியை மூடி வைத்தார். மறுநாள் அவர் கொழுந்து கிள்ளிய நேர்த்தியைப் பார்க்க வேண்டும், வரிசை பிசகாமல், ஒரு இலை கீழே விழாமல் கிள்ளியிருந்தார்.

பதினொரு வீட்டையும் நாலு நாளில் முடித்தேன். பன்னிரண்டாவது வீட்டுக்கு மட்டும் கால் நகரவில்லை.

மைனியின் போன் நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது. முதலில் கடை வேலை என்று நினைத்தேன். பிறகு நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது, யாரோ சொல்லியிருக்கிறார்கள், புருஷன் சாவுக்கு என்னைக் குற்றம் சொன்னவள் இப்போது வியாதிக் கம்பைத் தலையில் கட்டி அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டாள் என்று முடிவு செய்தேன். இந்தத் தடவை கதவைச் சாத்தினால் அது திறக்காது என்றும் தெரிந்தது. வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கியவளுக்கு, கடியப்பட்டணம் பஸ்ஸில் ஏற இரண்டு நாள் ஆயிற்று. எனக்குப் பயமாக இருந்தது.

போனபோது காலை பத்து மணி இருக்கும். கடை வேலை முடிந்து மைனி தோட்டத்தில் இருக்கிறாள் என்று சொன்னார்கள். தென்னந்தோப்பைக் கடந்து போனேன். தூரத்திலேயே தெரிந்தது. ஓரத்து வரிசைகள் எல்லாம் முட்டைக்கோஸ் தலையாக நின்றன. நடுவில் கொஞ்சம் பச்சை மிச்சம் இருந்தது. ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மைனி மூட்டுக்கு மூடு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, வழியை மறித்து வந்து நின்றாள்.

"நீ எதுக்கு இங்ஙன வந்த? பாக்காத. போ."

"மைனி..."

"நீ தந்தது நல்ல கம்பு. நான்தான் பாழாக்கிட்டேன். எனக்கக் கை கொள்ளாது ஏட்டி. ஒரு பத்து நாளு முந்திப் பாத்திருந்தா தப்பிச்சிருக்கும். எனக்கு ஒண்ணையும் நேரத்துக்குப் பாக்கத் தெரியாது. எப்பவும் அப்பிடித்தான்."

அவள் கோபத்தில் போனை எடுக்காமல் இருக்கவில்லை. வெட்கத்தில் எடுக்காமல் இருந்திருக்கிறாள். நல்ல கம்பு வாங்கிப் போய்ப் பாழாக்கிவிட்டேன் என்று என்னிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று வாரமாகத் தண்ணீர் சுமந்திருக்கிறாள். பத்து நாள் முந்தி என்று அவள் சொன்னபோது எனக்கு அரை மணிக்கூறு முந்தி என்றுதான் கேட்டது. நான் சொன்ன வாக்கியம் அது. நாலு வருஷமாக அதை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். எது கெட்டுப்போனாலும், பால் திரிந்தால்கூட, அதைத்தான் சொல்லியிருப்பாள்.

"மைனி, இது உங்க கையால வந்தது இல்ல," என்றேன். "கம்புலயே பூச்சி இருந்துது. நான் நெய்யாற்றின்கரையில இருந்து காருத் தலையில வச்சுக் கட்டிக் கொண்டு வந்தேன். வெள்ளையாட்டு இருந்துது, சுண்ணாம்புன்னு நெனச்சேன். பன்னிரண்டு வீட்டுக்குக் குடுத்தேன், பன்னிரண்டுலயும் இதுதான் கதை. எனக்க தோட்டத்துல ஒரு மூடு மிச்சம் இல்ல, எல்லாம் தீ வச்சாச்சு. நீங்க பத்து நாளு முந்திப் பாத்திருந்தாலும் இப்பிடித்தான் ஆயிருக்கும். தப்பு எனக்கது."

அவள் நம்பவில்லை. லென்ஸை எடுத்துக் கையில் கொடுத்தேன். ஒரு கொழுந்தைப் பிரித்துக் காட்டினேன். பூச்சியைப் பார்த்தாள், கணுவின் வெள்ளையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் குனிந்திருந்ததால் எனக்கு மற்றதையும் சொல்ல முடிந்தது. முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியாது.

"அண்ணன் காரியத்துலயும் நான் சொன்னது தப்புதான் மைனி. அரை மணிக்கூறு முந்திப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்கு எங்ஙன தெரியும்? நான் என்ன டாக்டரா? எனக்குச் சங்கடம் தாங்க முடியல்ல. அத எடுத்து உங்க தலையில போட்டுட்டேன்."

மைனி லென்ஸை இறக்கவில்லை. பிறகு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இதச் சொல்லதுக்கு ஒனக்கு ஒரு பூச்சி வரவேண்டியிருந்துதா?" என்றாள். "மூணு வாரமாட்டு வெள்ளம் சுமந்து எனக்கு நடு ஒடிஞ்சு போச்சு. வெட்டிக்குச் சுமந்தேனா?"

"வெட்டிக்கு இல்ல. வெள்ளம் ஊத்தினதாலதான் நடுவுல உள்ளது நிக்குது."

அது பொய் இல்லை. தண்ணீர் கிடைத்த செடி தாங்கும், வாடிய செடியில்தான் பூச்சி கொண்டாடும். மைனி நடு வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குடத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, "என்ன செய்யணும், சொல்லு," என்றாள்.

அன்று மதியம் வரை இருவரும் கொழுந்து கிள்ளினோம். ஓரத்து வரிசைகளை அடியோடு பிடுங்கினோம். மைனி எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் கடைக்குக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தாள். மரச்சீனி விற்கிற கடையில் மரச்சீனியையே எரிக்கிறீர்களா என்று யாரோ கேட்டதற்கு, இது எனக்க நாத்தினாரு சீதனம் என்றாள். நான் காதில் வாங்காத மாதிரி இருந்தேன்.

பங்குனியில் குளவி வந்தது. அதிகாரியே சின்னச் சின்ன டப்பாக்களில் கொண்டுவந்து கொடுத்தாள். குளவி என்றதும் மைனி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பத்தடி தள்ளி நின்றாள். டப்பாவைத் திறந்தால் எள்ளில் பாதி அளவு ஏதோ பறந்தது. "இதா கொல்லும்?" என்று கேட்டாள். ஒரு மாதம் கழித்து லென்ஸில் பார்த்தபோது பூச்சிகள் பலவும் உப்பிப் பழுப்பாக, கூடு மாதிரி இறுகிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ஓட்டை, அதன் வழியாகக் குளவிக் குஞ்சு வெளியே போயிருந்தது. கோடை மழையும் இரண்டு நாள் நன்றாக அடித்தது. புதிதாக விட்ட கொழுந்துகள் விரிந்தன. பட்டாளத்துக்காரர் தன் தோட்டத்தில் குளவி வேலை செய்கிறது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், அவரே வளர்த்த மாதிரி. பூச்சி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அது இனி இங்கேதான் இருக்கும். அதோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று நமக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இனிக் கொடுக்கலாம் என்று அதிகாரி சொன்ன பிறகு, கம்பு கொடுக்கிற சட்டத்தையும் கொஞ்சம் திருத்தினேன். இல்லை என்று சொல்லக்கூடாது, சரி. ஆனால் கேட்ட அன்றே கொடுக்கவும் கூடாது. வெட்டிய கம்பை அலுவலகத்தில் சொன்ன மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்து, தனியாகப் பத்து நாள் நிழலில் நிறுத்த வேண்டும். தினமும் ஒருவர் கணு கணுவாக லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். சுத்தம் என்றால்தான் கைமாற வேண்டும். இதைப் பன்னிரண்டு வீட்டுக்கும் போய், வாசலில் நின்று, நானே அறிவித்தேன். டீச்சர் மறுபடியும் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார் என்று சிரித்தார்கள். சிரித்தாலும் செய்தார்கள்.

ஆடி மாதம் மைனியின் தோட்டத்தில் கிழங்கு பிடுங்கினோம். நடு வரிசைகளில் நன்றாகவே விழுந்திருந்தது. அவள் கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம், கிழங்கு வாயில் கரைந்தது. நெய்யாற்றின்கரையிலும் இப்படி இல்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வந்து நான் கேட்டதில்லை. கை கழுவிவிட்டு நான் மைனியின் பக்கத்தில் போய் நின்றேன். நெய்யாற்றின்கரையில் விருந்தாளியாகக் கேட்டதைத் தவிர, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அடுத்த தெருக்காரரிடம்கூடக் கம்பு கேட்டதில்லை, எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். கேட்பது இவ்வளவு கூச்சமான காரியம் என்று அன்றுதான் தெரிந்தது.

"கம்பு உண்டா மைனி?" என்றேன்.

அவள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"உண்டு. இண்ணைக்குத் தரமாட்டேன்."

"மைனி, நான்லா கேக்குறேன்."

"நீ வச்ச சட்டம்தான? முக்கி எடுத்துப் பத்து நாளு இங்ஙன நிக்கட்டு. லென்சு ஒனக்கக் கையிலதான இருக்கு? தெனமும் வந்து பாத்துக்க."

மார்த்தாண்டத்திலிருந்து திங்கள்நகர், அங்கிருந்து இன்னொரு பஸ். பத்து நாளும் போனேன். கடையின் பின்பக்கம் பூவரசு நிழலில் கம்பு நிற்கும். நான் கணு கணுவாகப் பார்ப்பேன். மைனி கிழங்கும் குழம்பும் கொண்டுவந்து வைப்பாள். முதல் இரண்டு நாள் பூச்சியைப் பற்றிப் பேசினோம். மூன்றாம் நாள் மைனிதான் அண்ணனைப் பற்றிப் பேச்செடுத்தாள். அந்த மத்தியானம் சுக்குக் காப்பியைக் குடித்துவிட்டு, இனிப்புக் குறைவு என்று அண்ணன் அவளைத் திட்டினானாம். அதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள், பிறகு அழுதாள். நானும் அழுதேன். மற்ற நாட்களிலும் அவனைப் பற்றித்தான் பேசினோம். அவன் நடை, அவன் சீட்டாட்டம், மீனில் தலையை மட்டும் தின்கிற அவன் பிடிவாதம்.

பத்தாம் நாள் கம்பில் ஒரு வெள்ளைப் பொட்டுகூட இல்லை. இரண்டு கட்டைத் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன், அன்று சாயங்காலமே நட்டோம். மறுநாள் காலையில் நான் புடவை மாற்றிக்கொண்டு புறப்படுவதைப் பார்த்து, கம்புதான் வந்தாச்சே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நான் போய்த் திங்கள்நகர் பஸ்ஸில் ஏறினேன். லென்ஸ் வீட்டில் பீரோவுக்குள் இருந்தது.